நிலாவுக்கு வைத்த பொட்டு

நிலாவை வரையப் போகிறேன் என்று உட்காருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது அப்பளம்தான். காஞ்சனாவுக்கும் அதுதான் கிடைத்தது, அதுவும் பொரிக்காத அப்பளம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்தத் தடவை இட்லி. கீழே தறி ஓட்டுகிற குணா தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "பாகுந்தி மேடம், டியூப் லைட்டு நல்லா வந்துகீது" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனான். டியூப் லைட்டாம்! ஏரி, மலை, ராத்திரி என்று இத்தனையும் போட்டு வைத்திருக்கிறவளிடம் வந்து டியூப் லைட்டு என்கிறான். அதையும் சுரண்டிப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லை ஊரான நகரியில் கீழே விசைத்தறிக் கொட்டகையும் மேலே குடித்தனமுமாக எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவளுடையதும் அப்படி ஒன்று. கீழே புருஷன் தனசேகரின் தறிகள். நடுவில் குடும்பம். அதற்கும் மேலே மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. தறிக்கு நூல் சுற்றுகிற பழைய பாவுக் கட்டைகளையும் உடைந்த நாற்காலிகளையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு அதில் தன் ஸ்டாண்டையும் கான்வாஸையும் பெயிண்ட் டியூபுகளையும் காஞ்சனா வைத்திருந்தாள். பகலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அங்கே பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக் கொடியும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் இந்தத் தகர அறைக்கு வந்து ராத்திரியோடு மல்லுக்கட்டுவாள்.

ராத்திரியோடுதான். ஆவணிப் பௌர்ணமி அன்றைக்குத் தெரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரே இருட்டாகிவிட்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மற்ற நாட்களில் கொட்டகைகளின் ஃபோகஸ் விளக்குகள் எரிந்துகொண்டிருப்பதால் நிலாவெளிச்சம் என்று ஒன்று இந்த ஊரில் விழுவதே தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற நகரி மலை கறுப்பாக இல்லை. நீலமாகவும் இல்லை. நனைந்த சாம்பலுக்குள் எங்கேயோ பச்சை ஒளிந்திருக்கிற மாதிரி ஒரு நிறம். கீழே ஏரித் தண்ணீருக்கோ நிறமே கிடையாது, உடைந்து உடைந்து ஆடுகிற வெளிச்சம் மட்டும்தான். இதைப் போட்டே தீரவேண்டும் என்று அந்த நிமிஷம் அவளுக்குள் ஏறி உட்கார்ந்தது இறங்கவே இல்லை.

பார்க்க ஒரு நிமிஷம், போட ஒரு யுகம். முதலில் கறுப்பு டியூபைப் பிதுக்கினாள். மலை தார் ரோடு ஆனது. கறுப்பை ஒதுக்கிவிட்டு நீலத்தைக் கொண்டுவந்தாள். அதில்தான் பழைய பயம் வந்து ஒட்டிக்கொண்டது. திருப்பதியில் ஓவியர்கள் சேர்ந்து வருஷா வருஷம் விஜயதசமிக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அதற்குப் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் ராத்திரிப் படம்தான் கொண்டுபோனாள். இரண்டு தடவையும் அதை நடத்துகிற சுரேஷ்பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொன்னார்: "மேடம்காரு, இது நைட் இல்ல. பகலுக்கு நீலக் கண்ணாடி போட்டு விட்டிருக்கீங்க." படத்தை மறுபடி பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு புத்தூர் வழியாக பஸ்ஸில் திரும்பி வந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது மடல் சூடாகும். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

இந்த வருஷம் பிடிவாதமாக உட்கார்ந்தாள். கறுப்பே கிடையாது. காப்பிக்கொட்டை நிறத்தில் வரும் பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் நீலத்தை விட்டு, துணியால் துடைத்து, மறுபடி போட்டு, காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சு. ஆயில் பெயிண்ட் லேசில் காயாது. அவசரப்பட்டால் எல்லாம் சேறாகிவிடும். வெள்ளை இருக்கிறதே, அது இன்னும் மோசம். தடியாக வைத்தால் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தொட்டால் விரலோடு வந்துவிடும்.

இந்தக் கூத்தில் கீழே தறி வேறு. தறி ஓடினால் வீடு முழுக்க நடுங்கும். குடியிருக்கிறவர்களுக்கு அது தெரியாது, பழகிவிடும். நடுமுதுகில் வேர்க்குரு மாதிரி, இருக்கிறது என்று கையை வைத்தால்தான் தெரியும். காஞ்சனாவுக்கோ மெல்லிசான பிரஷ்ஷைக் கான்வாஸில் வைத்த உடனே தெரியும். ஸ்டாண்டு அதிர, கோடு கோணும். போதாக்குறைக்குக் கொட்டகையிலிருந்து பஞ்சு பறந்து வரும். ஈரப் பெயிண்டில் ஒட்டினால் மலை உச்சியில் மயிர் முளைத்த மாதிரி நிற்கும். ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பிடுங்கிய இடத்தில் குழி விழும். குழியை மூடினால் நிறம் மாறும். எத்தனை சாயங்காலம் பிரஷ்ஷைத் தூக்கிச் சுவரில் அடித்தாள் என்று அந்தச் சுவரைத்தான் கேட்கவேண்டும். கடைசியில் நான்கு குச்சிகளைக் கட்டி, படத்தில் படாமல் முன்னால் பெட்ஷீட் தொங்குகிற மாதிரி ஒரு திரை செய்தாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டளை: தொடாதே. ஏன் தொடக்கூடாது என்று யாருக்கும் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

அவளுக்கு உள்ளுக்குள் புண்ணாக இருந்தது சுரேஷ்பாபு சொன்னது மட்டும் இல்லை. போன வருஷம் ஆயுத பூஜை அன்றைக்கு வீட்டிலேயே ஒன்று நடந்தது. தனசேகருக்குத் தீபாவளிகூட இரண்டாம்பட்சம், ஆயுத பூஜைதான் பண்டிகை. தறிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் சந்தனத்தை மூன்று விரலால் இழுத்துக் குங்குமம் வைப்பான். ஆம்னி வேனுக்கு, ஜெனரேட்டருக்கு, மிக்ஸிக்கு, சமையலறை அரிவாள்மணைக்கு. காஞ்சனா விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஏன் மாமா, அந்தத் துருப்புடிச்ச ஏணிக்குக்கூட வெச்ச. என் பெயிண்ட் பெட்டி மட்டும் உன் கண்ணுல படலியா?"

"அது இன்னாமே வேலை? டைம் பாஸுதானே. வேலை செய்யறதுக்குத்தான் பொட்டு" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு அடுத்த தறிக்குப் போனான்.

அவள் தீபாவளி வரைக்கும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குக் காரணம் புரிந்ததா என்றும் தெரியவில்லை. 'ஏணி வேலை செய்கிறது, நான் வேலை செய்யவில்லை' என்று அவள் மனதில் அது முள்ளாகக் கிடந்தது. இந்த வருஷம் படம் திருப்பதியில் சுவரில் ஏறிவிட்டால், கீழே ஒரு சீட்டில் 'காஞ்சனா, நகரி' என்று போட்டுவிட்டால், அப்புறம் யாருக்கும் எதையும் சொல்லிக்காட்ட வேண்டியதே இல்லை. அந்தச் சீட்டுக்காகத்தான் இவ்வளவும்.

புரட்டாசி பிறந்து கொஞ்ச நாளில் ராத்திரி வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் விளக்கைப் போட்டுத் திரையை விலக்கியவளுக்கு மலை உட்கார்ந்திருந்தது தெரிந்தது, ஏரி படுத்திருந்தது தெரிந்தது. படத்தின் போட்டோவை சுரேஷ்பாபுவுக்கு அனுப்பினாள். "நிலா எங்க மேடம்காரு? அதை முடிச்சு, விஜயதசமி காலைல ஹாலுக்குக் கொண்டாங்க. இடம் வெக்கறேன்" என்று பதில் வந்தது. இடம் வைக்கிறேன்! அவள் ஃபோனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மாடியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

நிலாவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வைத்தாள். தறிகளைக் கழுவுவதற்காக மத்தியானமே நிறுத்தியிருந்தார்கள். வீடு அசையவில்லை. அப்பளமும் இல்லாமல் இட்லியும் இல்லாமல், ஓரத்தில் கொஞ்சம் கரைந்து, பார்க்கிறவர் கண்ணைக் கூசவைக்காமல் கூப்பிடுகிற மாதிரி நிலா வந்தது. தடியாக, ஈரமாக, மூச்சு விட்டால் அசைந்துவிடும்போல இருந்தது. இனி தண்ணீரில் வெளிச்சத்தை உடைத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி. அதற்குக் கை நடுங்கக் கூடாது, தரையும் நடுங்கக் கூடாது. நாளைக்கு நாள் முழுக்கத் தறி ஓடாது. ஊரில் ஒரு கொட்டகையும் ஓடாது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அப்படி. அவளுடைய டப்பாக்கள் பூஜையில் இல்லை, அதனால் அவளுக்கு மட்டும் தடையும் இல்லை. இதை நினைத்து அவளுக்கு ஒரு கசந்த சிரிப்புகூட வந்தது.

மறுநாள் காலையில் அவளுக்கு அடுப்படியை விட்டு அசைய முடியவில்லை. சித்தூரில் நர்சிங் படிக்கிற மகள் ரூபா டியூட்டி என்று வரவில்லை, உதவிக்கு ஆள் இல்லை. தறிக்காரர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல், சுண்டல், பொரி. கீழே மணி அடித்தது, கற்பூர வாசனை வந்தது, பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டது. குணாவும் மற்றவர்களும் புதுச்சட்டையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தனசேகர் என்னவோ அன்றைக்கு வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சந்தனக் கிண்ணத்தோடு இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போனான். ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்று, சிரித்துவிட்டுப் போனான். அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

வாசலில் கோலம் போட்டிருந்தது.

கோலம் என்றால் கோணல்மாணலாக, ஆம்பிளை போட்ட கோலம். நிலைக்கு மாவிலை. உள்ளே ஸ்டாண்டின் மூன்று காலிலும் சந்தனம், குங்குமம். மர ஸ்டூலின் மேல் ஒரு தாம்பாளம். அதில் அவளுடைய பிரஷ்கள் அத்தனையும் பெரிசிலிருந்து சின்னதுவரை வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் பெயிண்ட் டியூபுகள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, பிசுக்கு போக்கி, மூடியை நெருக்கித் திருகி, தலைக்கு ஒரு பொட்டு. நசுங்கிப்போன டியூபுக்குக்கூட விடவில்லை. நிறம் சுரண்டுகிற கத்தி, ஆளிவிதை எண்ணெய் பாட்டில், எல்லாவற்றின் மேலும் சாமந்திச் சரம்.

இந்த மனுஷன் மறக்கவில்லை. ஒரு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், விடியற்காலையில் எழுந்து, இந்தத் தடித்த விரல்களால் டியூப் டியூபாகத் துடைத்திருக்கிறான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு அவனுக்குப் பிடித்த வடை சுட்டுப் போடவேண்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

அப்புறம்தான் திரையைப் பார்த்தாள். குச்சிகள் விலகியிருந்தன. பெட்ஷீட் படத்தின் மேலேயே படிந்து கிடந்தது. நடுவில் ஒரு மஞ்சள் ஈரம்.

"ஐயையோ!"

உரித்தாள். உரிக்கத்தான் வேண்டியிருந்தது, ஒட்டியிருந்தது. நிலாவின் குறுக்கே மூன்று விரல் சந்தனம். அதன் நடுவில் கட்டை விரலால் அழுத்தி வைத்த குங்குமம். அழுத்திய இடத்தில் வெள்ளை பிதுங்கி ஓரமெல்லாம் வழிந்திருந்தது. பெட்ஷீட்டின் நூல்கள் அதில் முளைத்திருந்தன. சந்தனத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கி மலையைத் தாண்டி ஏரிக்குள் போயிருந்தது. குங்குமம் எண்ணெயைக் குடித்து, வெள்ளைக்குள் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது, அவள் கண் முன்னாலேயே.

அவள் போட்ட சத்தத்தில் தனசேகர் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தான். கையில் சந்தனக் கிண்ணம் அப்படியே இருந்தது. முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு. பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டான், பாவம்.

"இன்னா மாமா பண்ணி வெச்சிகீற? இன்னா பண்ணி வெச்சிகீற நீ?"

"ஏன்மே? பூஜைதானே…"

"நெலா மேலயா? வேற எடமே கெடைக்கலியா உனக்கு? நாலு பக்கமும் மரச்சட்டம் கீது, பின்னாடி கீது, இவ்ளோ பெரிய செவுரு கீது!"

"நெத்தியாட்டம் உருண்டையா அது ஒண்ணுதான் இருந்துது. அங்க வெச்சாதானே லட்சணம்" என்றான். பரிதாபமாக, நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டு சொன்னான்.

"ஈரம் மாமா அது! ஈரம்!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? மாசக்கணக்கா இங்கியேதான் நின்னுகினு கீது. இத்தினி நாளு காயாத பெயிண்ட எந்த ஊர்ல கண்டோம்? கதவுக்கு அடிச்சா காலைல காஞ்சிடுது."

காஞ்சனா தலையில் அடித்துக்கொண்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது? தாம்பாளத்தின் பக்கம் திரும்பி, கத்தியை எடுக்கக் கையை நீட்டினாள். இப்போதே சுரண்டினால் சிவப்பு கீழ்ப்பூச்சுக்கு இறங்குமுன் எடுத்துவிடலாம். சாயங்காலத்துக்குள் புது நிலா வைத்துவிடலாம். தண்ணீரையும் முடித்துவிடலாம்.

"தொடாதமே!" என்று தனசேகர் குறுக்கே வந்தான். இந்தத் தடவை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "பூஜைல வெச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது. உனக்குத் தெரியாததா? நாளைக்குக் காலைல தீபாராதனை காட்டிட்டுத்தான் எடுக்கணும்."

"நாளைக்குக் காலைல படம் திருப்பதியில இருக்கணும் மாமா!"

"விடிகாலைலயே பூஜைய முடிச்சுடறேன். நானே வேன்ல இட்டுக்கினு போறேன்."

"அதுக்குள்ள செவப்பு உள்ள எறங்கிடும். அப்புறம் அது போவாது. இத்தினி நாளு பட்ட பாடு அத்தனையும் நாசமாப் பூடும்."

அவன் கிண்ணத்தை ஜன்னல் மேல் வைத்தான். "போன வருசம் ஈரோட்டு பார்ட்டி இதே நாள்ல லாரியோட வந்து நின்னான். ஒரு தறிய மட்டும் ஓட்டி பாக்கிய முடிச்சுக் குடு, கையோட எடுத்துக்கினு போறேன்னான். நான் தொட்டனா? கோவிச்சுக்கினு போனவன் இன்னிக்கு வரைக்கும் திரும்பல. போவட்டும்னு உட்டேன். வேலைன்னா அப்பிடித்தான்மே. நீதானே கேட்ட, உன் பெட்டிக்கு மட்டும் ஏன் பொட்டு வெக்கலன்னு? உன்னுதும் வேலைதானே?"

அவன் குத்திக்காட்டவில்லை. நேராகத்தான் சொன்னான். அந்த லாரியை அவளும் பார்த்தாள். அந்த ஆர்டர் போனதில் அவன் எத்தனை நாள் சரியாகத் தூங்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அவனுடைய தறிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையைத்தான் இன்றைக்கு இந்தப் பிரஷ்களுக்கும் கொடுத்திருக்கிறான். டைம் பாஸ் என்று இருந்தவரைக்கும் எந்த நாளிலும் தொடலாம். இப்போது அது வேலை என்று ஆகிவிட்டது, அதனால் இன்றைக்குத் தொடக்கூடாது. நல்ல நியாயம்! யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். தனசேகர் போகவில்லை. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அவனும் உட்கார்ந்தான். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. அவள் காத்திருந்த அமைதி இதுதான். ஒரு மாசமாகக் காத்திருந்தாள். இப்போது அது வீணாக ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரை சூடேறிற்று. நிலாவில் பொட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்துகொண்டே போனது.

"நம்ம மலையாமே அது?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

"பின்ன யாரோடது?"

"மூக்கு தெரியுது." மறுபடி கொஞ்சம் பார்த்தான். "தண்ணிதான் வெறும்னே கீது."

"அதைத்தான் இன்னிக்குப் போடலாம்னு இருந்தேன். நாசமாப் போச்சு."

"ஏன் நேத்தே போட்டிருக்கக் கூடாது? முந்தா நேத்து?"

"உன் தறி மாமா! அது ஓடினா இந்த ஸ்டாண்டு நடுங்குது. ஒரு கோடு நேரா வராது. பஞ்சு வந்து மேல ஒட்டுது. இன்னிக்கு ஒரு நாள்தான் நிக்கும்னு காத்துக்கினு கெடந்தேன்."

தனசேகர் தரையைப் பார்த்தான். உள்ளங்கையைத் தரையில் வைத்து, ஓடாத தறியின் அதிர்வைத் தேடுகிறவன் மாதிரி அழுத்திப் பார்த்தான். "எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிருப்பனே."

"எதுக்கு நிறுத்துவ? டைம் பாஸுக்கா?"

அவளுக்கு அதைச் சொன்னதில் ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை.

அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள். வரிசையாகப் படுத்திருக்கிற பிரஷ்கள், பொட்டு வைத்த டியூபுகள். ஒரு வருஷமாக இதைத்தானே கேட்டாள்? கேட்டது வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. மனதைத் தொட்டுச் சொன்னால், வாசலில் அந்தக் கோணல் கோலத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பொய் இல்லை. ஆனால் இதோ இவ்வளவு நேரமாக அவள் கண் தாம்பாளத்துக்கா போகிறது? நிலாவுக்குத்தான் போகிறது. சிவப்பு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றுதான் பார்க்கிறது. இவன் ஒத்துக்கொண்டால் போதும், சுவரில் சீட்டு தொங்கினால் போதும் என்று இத்தனை நாள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். போதவில்லை. ஆவணி மாசத்து அந்த ராத்திரி வேண்டும். அதைப் போட்டு முடிக்காமல் இவன் நாலு ஊர் கூட்டி மாலை போட்டாலும் போதாது.

எழுந்தாள்.

"மாமா, நீ வெச்சதுல எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு உங்கிட்ட சொல்லத் தெரியல. சத்தியமா. ஆனா அது எனக்குப் பத்தல. எனக்கு இந்த நெலா வேணும்."

"காஞ்சனா."

அவள் சாமந்திச் சரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கத்தியை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"வேணாம்மே" என்றான். எழுந்து நின்றுவிட்டான். குரல் இறங்கிப் போயிருந்தது. "தறி, லாரி, அதெல்லாம் உடு. குங்குமம்மே அது. நான் வெச்சது. நாளும் கெழமையுமா, என் கண்ணு முன்னாடி நீ உன் கையால அழிக்காத. பயமா கீது எனக்கு."

அவன் பயப்படுவது நிஜம். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. புருஷன் வைத்த குங்குமத்தைத் துடைக்கிற கை எந்த வீட்டிலும் நல்ல கை இல்லை. அவளுக்குச் சின்ன வயசிலிருந்து ஊட்டி வளர்த்ததெல்லாம் அந்த விரல்களில் வந்து கனத்தது.

"அப்ப நீ பாக்காத" என்றாள்.

அவன் அவளைத் தாண்டி எங்கோ போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை வராது என்று தெரியும். கத்தியைச் சாய்த்து நிலாவின் ஓரத்தில் வைத்து இழுத்தாள். வரவில்லை. பெரிய கான்வாஸ், நடுவில் தொய்வு. கத்தியை அழுத்தினால் துணி உள்ளே போனது, பெயிண்ட் நகர்ந்ததே தவிர எழும்பவில்லை. குங்குமம் இன்னும் பரவிற்று. இடது கையைப் பின்பக்கம் விட்டுத் தாங்கிப் பார்த்தாள். கை எட்டவில்லை. உடம்பை வளைத்தாள், கன்னம் மரச்சட்டத்தில் இடித்தது, அப்போதும் எட்டவில்லை. அழுகையாக வந்தது. கோபமாக வந்தது. சனியன் பிடித்த துணி!

மறுபடி கத்தியை வைத்தாள். இந்தத் தடவை துணி உள்ளே போகவில்லை.

பின்பக்கத்திலிருந்து ஏதோ தாங்கியது. அகலமாக, உறுதியாக. அவள் எட்டிப் பார்த்தாள். தனசேகர் ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையைக் கான்வாஸில் பதித்து நின்றான். கண்ணையும் மூடியிருந்தான்.

"இங்கதானா?" என்றான் சுவரிடம்.

"கொஞ்சம் மேல." அவள் கத்தியை வைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

கத்தியை இழுத்தாள். வெள்ளையும் சந்தனமும் சிவப்புமாக ஒரு பட்டை சுருண்டு வந்தது. அதைத் துணியில் துடைத்தாள். துணி சிவந்தது. அடியில் ராத்திரி அப்படியே இருந்தது, ஒரு இடத்தில் மட்டும் லேசாகக் கறை. அவன் கையின் சூடு துணி வழியாக அவள் விரலுக்குத் தெரிந்தது. அந்தக் கை நகரவில்லை.

"எடுத்துட்டியா?"

"இல்ல மாமா, பாதிதான். நல்லா அழுத்திப் புடி."

அவன் சுவரைப் பார்த்தபடியே அழுத்திப் பிடித்தான்.